லேபிளைப் படிச்சிராதே, மாப்ளே!

வா மாப்ளே, உக்காரு. "நல்ல வேளாண் முறைகள்"னு ஒரு நாள் பூரா பயிற்சி கேட்டுட்டு வந்திருக்கியாம்ல? தலையில புதுத் தொப்பி, தோள்ல புதுப் பை, பைக்குள்ள ஒரு நோட்டு, ஒரு பேனா. மத்தியானம் என்ன, தக்காளி சாதமா, பிரிஞ்சியா? வருகைப் பதிவேட்டுல மறக்காமக் கையெழுத்துப் போட்டேல்ல? அப்ப சரி. நாட்டுல பாதி நல்ல வேளாண்மை அந்தக் கையெழுத்தோட முடிஞ்சிருது. மீதிப் பாதி குரூப் போட்டோ எடுத்ததும் முடிஞ்சிருது.

மாமன் மாப்பிள்ளைன்னா கேலி பேசுற முறை. நீ கோவிச்சுக்கிட்டாலும் சொந்தம் விட்டுப் போயிறாது, அந்தத் தைரியத்துல சொல்றேன். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒண்ணரை ஏக்கர்ல கத்தரி, வெண்டை, தக்காளின்னு போட்டு, கிணத்துத் தண்ணியையும் கைமாத்துக் கடனையும் நம்பிப் பொழைக்கிறவன் நீ. நீ கேட்டுட்டு வந்த பாடத்துக்கு ஒரு கதை இருக்கு. ஐரோப்பாவுல இருக்கிற பெரிய பெரிய கடைக்காரங்க 1997ல ஒண்ணு கூடி 'யூரெப்கேப்'னு ஒரு சட்டதிட்டம் போட்டாங்க. 2007ல அதுக்கு 'குளோபல் கேப்'னு பேர் மாத்திக்கிட்டாங்க. நம்ம நாட்டுக்குன்னு 'இந்த்கேப்'னு ஒண்ணு வந்துச்சு. பேரு எதுவா இருந்தா என்ன, சாரம் நாலுதான். திங்கிறவனுக்குக் கெடுதல் வரக்கூடாது. வேலை செய்யிறவனுக்குக் கெடுதல் வரக்கூடாது. மண்ணும் தண்ணியும் கெடக்கூடாது. செஞ்சதை எழுதி வைக்கணும். இந்த நாலுலயும் சிக்காம எப்படித் தப்பிக்கிறதுன்னு மாமன் வரிசையாச் சொல்றேன், அந்தப் புது நோட்டுல குறிச்சுக்கோ. நோட்டு எங்க? பாப்பா வீட்டுப்பாடம் எழுத எடுத்துக்கிட்டாளா? நல்லது, யாராவது ஒருத்தர் எழுதுனாச் சரி.

மொதல்ல மண்ணு. 2015ல மண்வள அட்டைத் திட்டம் வந்துச்சு, உனக்கும் ஒரு அட்டை வந்திருக்கு, உன் பீரோவுல ரேஷன் கார்டுக்கு அடியில கெடக்குது, நான் பாத்திருக்கேன். மண்ணு எப்படி எடுக்கணும்னு சொன்னாங்க? ஒரு வயல்ல பத்துப் பதினஞ்சு இடத்துல அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவத்துல குழி வெட்டி, ரெண்டு பக்கமும் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, நாலாப் பங்கு போட்டு, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக் கொறைச்சுக் கொடுக்கணும்னாங்க. நீ அதெல்லாம் செய்வியா? பெரிய மனுசன் நீ. குப்பைமேட்டுக்குப் பக்கத்துல, வேப்பமர நிழல்ல நின்ன எடத்துல குனிஞ்சு ஒரு கை அள்ளிக் கேரி பையில போட்டுக் கொடுத்த. அட்டை வந்து பாத்தா உன் மண்ணு ஜில்லாவுலயே வளமான மண்ணு. இருக்காதா பின்னே? நீ கொடுத்தது எருக்குழியாச்சே!

அட்டை என்ன சொன்னா என்ன, யூரியா போடுற கையி நிக்குமா? 45 கிலோ மூட்டை 266 ரூவா 50 காசு. இந்தக் காலத்துல நாலு பேர் ஓட்டல்ல உக்காந்து பரோட்டா தின்னா அதை விடக் கூட ஆகும். அதனால வெண்டைக்கு ஒரு மூட்டை போதும்னு சொன்னா ரெண்டா வீசுவே. செடி கருகருன்னு தளதளன்னு வரும். ரோட்டுல போறவன் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, இப்படி வந்திருக்கு"ம்பான். அவனுக்குப் பின்னாலயே அசுவினியும் வெள்ளை ஈயும் பச்சைப்பூச்சியும் வண்டியை நிறுத்தாம வந்து இறங்கும். எளசு இலைன்னா அதுகளுக்கு அம்புட்டு உசுரு. வெண்டைக்கு மஞ்சள் தேமலைக் கொண்டாந்து வைக்கிறதே அந்த வெள்ளை ஈதான். அப்புறம் நீ மருந்துக்கடைக்கு ஓடி, யூரியாவுல மிச்சம் புடிச்ச காசைப் போல பல மடங்கு எண்ணி வைப்பே. மலிவா வாங்குறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லை, மாப்ளே.

சரி, கத்தரிக்காட்டுக்கு வருவோம். குருத்து தொங்கிப் போய்க் கெடக்கும், பாத்திருக்கியா? அதுக்குள்ள தண்டுத்துளைப்பான் புழு இருக்கு. அதே புழுதான் காயையும் துளைக்குது. தாய் அந்துப்பூச்சி இலையில முட்டை வைக்கும். பொரிஞ்சு வந்த குஞ்சுப்புழு கொஞ்ச நேரந்தான் வெளிய சுத்தும், உடனே குருத்துக்குள்ளயோ காய்க்குள்ளயோ நுழைஞ்சு, நுழைஞ்ச ஓட்டையைத் தன் கழிவாலயே அடைச்சுக்கிட்டு உக்காந்துரும். அதுக்கு மேல நீ வெளியில நின்னு எம்புட்டு மருந்தைப் பீச்சினாலும், உள்ளுக்குள்ள அது நிம்மதியாத் தின்னுக்கிட்டே கெடக்கும். அந்தக் குருத்தை வாரம் ஒரு தடவை கிள்ளி எடுத்து அழிச்சாலே பாதிப் பாடு தீந்துரும். ஏக்கருக்கு அஞ்சு இனக்கவர்ச்சிப் பொறி கட்டுனா ஆண் பூச்சி அதுல போய் விழும்.

ஆனா நீ என்ன செய்யிறே? காய் பறிக்கையில சொத்தைக் காயெல்லாம் பொறுக்கித் தனியா எடுக்குறே, அதுவரைக்கும் உத்தமம். எடுத்து எங்க போடுறே? வரப்போரமா, செடிக்கு ரெண்டடி தள்ளி, நெழல் பாத்துக் குமிச்சு வைக்கிறே. உள்ள இருக்கிற புழு நிதானமா வெளிய வந்து, சருகுக்குள்ள கூடு கட்டி, றெக்கை மொளைச்சுத் திரும்ப உன் செடிக்கே வந்து முட்டை வைக்குது. நெறமாசமா இருக்கிற பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, பிரசவம் பாத்து, புள்ளையும் கையுமாத் திரும்பக் கூட்டிக்கிட்டு வர்ற மாதிரி பூச்சியை இப்படிப் பதனமாப் பாத்துக்கிற சம்சாரி இந்த ஜில்லாவுலயே நீதான். அப்புறம் வந்து, "மாமா, மருந்து கேக்க மாட்டேங்குது"ங்கிறே. மருந்து கேக்குது மாப்ளே. நீதான் கேக்க மாட்டேங்கிறே.

அளவுக்கு வருவோம். மருந்து அடிக்கிறதுக்கு உங்கிட்ட இருக்கிற அளவுகோல் என்ன? மூடி. எந்த மூடி? கையில எது கிடைக்குதோ அந்த மூடி. ஒரு பாட்டில் மூடி அஞ்சு மில்லி புடிக்கும், இன்னொண்ணு இருபத்தஞ்சு புடிக்கும். உனக்கு எல்லாம் ஒண்ணுதான், "டேங்குக்கு ரெண்டு மூடி". அதுவும் தலை கட்டி ஊத்துவே. ஊத்தி முடிச்சதும் மனசு கேக்காம, "பூச்சி கொஞ்சம் சாஸ்தியா இருக்கு"ன்னு இன்னொரு சொட்டு. கத்தரிக்கு எமாமெக்டின்னா 10 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம் போதும்னு சிபாரிசு. நாலு கிராம்னா எம்புட்டுன்னு உனக்குத் தெரியும், நகைக்கடையில குண்டுமணித் தங்கத்துக்குத் தராசை முறைச்சுப் பாக்கிறவன்தானே நீ? மருந்து மட்டும் கையளவு.

அது பத்தாதுன்னு நாலு மருந்தை ஒரே டிரம்முல ஊத்திக் கலக்குறே. புழுவுக்கு ஒண்ணு, பூச்சிக்கு ஒண்ணு, இலைப்புள்ளிக்கு ஒண்ணு, பச்சை குடுக்கிறதுக்கு ஒரு டானிக்கு. எதை எதோட சேக்கலாம், எதைச் சேத்தா திரியும்னு யாருகிட்டக் கேட்ட? மருந்துக்கடைக்காரருகிட்ட. அவரைக் குத்தம் சொல்லல மாப்ளே, கடனுக்கு மருந்து குடுக்கிறவரு வாயில வர்றதுதான் ஊருக்குச் சிபாரிசு. பத்துப் பதினஞ்சு ஊருக்கு ஒருத்தரா அலையிற தோட்டக்கலை அலுவலரு உன் வரப்புக்கு வர்றதுக்குள்ள உன் வெண்டை முத்திப் போயிரும். ஆனா ஒண்ணு, கடன் குடுத்தவருக்கு வட்டி சேத்துக் கட்டுறதும் நீ, அவரு குடுத்ததை அடிச்சுட்டு ராத்திரி தலைவலியோட படுக்கிறதும் நீ.

இனிமேதான் முக்கியமான விசயம். லேபிளைப் படிச்சிராதே, மாப்ளே! படிச்சேன்னு வை, சாப்பாடு எறங்காது. பாட்டில்ல ஒரு சாஞ்ச சதுரம் போட்டிருக்கும், அதுல கீழ்ப்பாதியில ஒரு கலரு. செவப்புன்னா கொடிய நஞ்சு, மஞ்சள்னா அதுக்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை கொஞ்சம் சாது. 1968லயே பூச்சிமருந்துச் சட்டம் வந்து, 1971ல விதி போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியணும்னுதான் கலர்ல வச்சாங்க. நீ டிகிரி படிச்சவன், அதனால பாக்க மாட்டே. கட்சிக்கொடியில நூல் அளவு கலர் மாறுனாலும் கண்டுபுடிக்கிற கண்ணு, பாட்டில்ல செவப்பு எது பச்சை எதுன்னு தேடாது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாதுன்னு 2005லயே தடை. பருத்திக்குன்னு சொல்லி வாங்கி வெண்டைக்கு அடிச்ச மகராசனுங்க எத்தனை பேரு! நீ அப்படிச் செஞ்சேன்னு நான் சொல்லல. உங்க தோட்டத்துல பருத்தி எப்பப் போட்டேன்னுதான் யோசிக்கிறேன்.

லேபிள்ல இன்னொரு வில்லங்கம், "காத்திருப்புக் காலம்". அடிச்சதுக்கும் பறிக்கிறதுக்கும் நடுவுல எத்தனை நாள் விடணும்னு போட்டிருப்பான். அது மருந்துக்கு மருந்து மாறும், அது கூடப் பரவால்ல. ஒரே மருந்துக்குப் பயிருக்குப் பயிரும் மாறும். குளோரான்ட்ரானிலிப்ரோல்னு ஒண்ணு அடிக்கிறியே, அது தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்தரிக்கு 22 நாள். நீ தக்காளிக்கு அடிச்சு மிச்சமிருந்த டேங்கைக் கத்தரிக்காட்டுல கொண்டு போய்த் தீத்தே. மூணாம் நாள் கத்தரி பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டே. வீணாக்காம இருக்கிறது நல்ல பழக்கம்தான், எங்க அக்கா உன்னை அப்படித்தான் வளர்த்துச்சு.

நீ என்ன சொல்ல வர்றேன்னு தெரியும். "மாமா, வெண்டைன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சாகணும். அஞ்சு நாள் காத்திருந்தா ரெண்டு பறிப்பு போயிரும். முத்துன வெண்டையை மாடு கூடத் திங்காது"ங்கிறே. இதுல மட்டும் நான் கேலி பேச மாட்டேன். இது நெசமான கஷ்டம். பயிற்சியில மைக்கைப் புடிச்சவங்க இந்தக் கணக்கை உன் வாயால கேக்காம, பவர்பாயிண்ட்ல அடுத்த படத்துக்குப் போயிட்டாங்கல்ல? இதுக்கு ஒரு வழி இருக்கு, கடைசியில சொல்றேன். அதுவரைக்கும் கேலியைக் கேளு.

உன் உடம்புக்கு வருவோம். கைலியை மடிச்சுக் கட்டி, பனியனோட, டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு, மூக்குல ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு எறங்குறே. வாஷர் போன டேங்கு, முதுகுல வழிஞ்சுக்கிட்டே வரும். வேர்க்குது. என்ன பண்ணுவே? மூக்குல கட்டுன அதே துண்டை அவுத்து முகத்தைத் தொடைச்சுக்குவே. நெத்தியில ஒரு தொடை, கண்ணுல ஒரு தொடை, அப்புறம் திரும்ப மூக்குல கட்டு. நாசில் அடைச்சுக்கிட்டா வாயால ஊதுவே. சாயங்காலம் அந்தத் துண்டையும் கைலியையும் புள்ளைங்க யூனிபார்மோட ஒரே வாளியில ஊறப் போடுவே. இது சிரிக்கிற விசயமில்ல மாப்ளே. 2017ல மகாராஷ்டிராவுல யவத்மால் ஜில்லாவுல பருத்திக்கு மருந்தடிச்சவங்க இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அவங்களும் உன்னைய மாதிரி மூக்குல துண்டு கட்டுனவங்கதான். திண்டுக்கல்லு வெயில்ல உடம்பு பூரா மூடுற சட்டை போட்டா மயக்கம் வரும்கிறே, வாஸ்தவம். முழுக்கைச் சட்டை போட்டாக் கூடவா வரும்? தண்ணியில கலக்காத மருந்தை அளந்து ஊத்துற அந்த அஞ்சு நிமிசம்தான் ரொம்ப மோசம். அப்பவாவது கையுறை போடு. குச்சி கையிலயே இருக்கு, ஆனா நீ கையை விட்டுத்தான் கலக்குவே. காத்துக்கு எதிராப் பீச்சி மருந்தை நீயே குளிச்சிராதே.

காலி டப்பாவை மூணு தடவை அலசி, அலசுன தண்ணியையும் டேங்குலயே ஊத்தி, டப்பாவைப் பொத்தல் போட்டுப் போடணும்னு சொன்னாங்களா? நீ வாய்க்கால்ல விட்டு அலசுவே. வாய்க்காத் தண்ணி எங்க போகுது? கிணத்துக்குப் பக்கத்துல. சரி விடு.

அப்புறம் அந்த நோட்டு. என்னைக்கு, எந்த வயலுக்கு, எந்த மருந்து, எம்புட்டு அடிச்சே, என்னைக்குப் பறிச்சேன்னு அஞ்சு வரி எழுதுறதுக்கு உனக்கு நேரமில்ல. ஆனா உங்க வீட்டுல ஒரு நோட்டு இருக்கு, மொய் நோட்டு. 1980கள்ல உங்க தாத்தா நடத்துன காது குத்துக்கு ஆத்தூர்க்காரன் அஞ்சு ரூவா வச்சதிலிருந்து, போன வைகாசியில சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வந்த ஆயிரத்தொண்ணு வரைக்கும் ஊர்ப் பேரு, அப்பன் பேரு, தேதியோட எழுதி வச்சிருக்கே. ஒருத்தன் நூத்தொண்ணு கொறைச்சு வச்சா மறுவருசம் அவன் வீட்டு விசேசத்துல அதையும் கணக்குப் பாத்துக் கழிச்சிருவே. பதிவேடு எழுதத் தெரியாத சாதி இல்ல நாம. மொய் திரும்பி வரும்கிற நம்பிக்கையில எழுதுறோம். மருந்து நோட்டுல எழுதுனா எது திரும்பி வரும்னு உனக்கு யாரும் காட்டல, அம்புட்டுத்தான்.

காட்டுனா நீ எழுதுவேன்னும் எனக்குத் தெரியும். கெர்கின் கம்பெனிக்கு வெள்ளரி போட்டியே, ஞாபகம் இருக்கா? நம்ம நாட்டுல அதை யாரும் சமைக்கிறதில்ல, ஊறுகாய்க்குப் பூராவும் கப்பல் ஏறுற காயி. கம்பெனி ஆளு வந்து இந்த மருந்துதான், இத்தனை மில்லிதான், இந்தத் தேதிக்கு மேலதான் பறிப்புன்னு சொன்னான். நீ பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டே. விரல் தண்டியில சின்னதாப் பறிச்சாத்தான் நல்ல ரேட்டுன்னு விடியக்காலையில டார்ச்சு அடிச்சுப் பறிச்சே. ஏன்? தப்புப் பண்ணுனா லோடு திரும்பி வந்துரும்னு பயம், சரியாப் பண்ணுனா முன்னாலயே பேசுன வெலை கெடைக்கும்னு நம்பிக்கை. வெள்ளைக்காரன் ஊறுகாய்க்கு நல்ல வேளாண்மை செஞ்சவன், நம்ம காயை வாங்குற பாலக்காட்டுக்காரன் சாம்பாருக்குச் செய்யல. அம்புட்டுத்தானே வித்தியாசம்?

இதுலயும் ஒரு கூத்து பாரு. 2014 மே மாசம் ஐரோப்பாக்காரன் நம்ம நாட்டு மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு அஞ்சும் வேணாம்னு கதவைச் சாத்துனான். கேட்டா, பெட்டிக்குள்ள பூச்சி உசுரோட இருக்குன்னான். மறு வருசம், 2015ல, கேரளாக்காரங்க நம்ம காயில மருந்து நஞ்சு இருக்குன்னு சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தன் புழு இருக்குன்னு வேணாங்கிறான், இன்னொருத்தன் புழுவைக் கொன்ன மருந்து இருக்குன்னு வேணாங்கிறான். புழுவும் இருக்கக்கூடாது, மருந்தும் இருக்கக்கூடாதுன்னா பக்குவம் பாத்துச் செய்யணும். அந்தப் பக்குவத்துக்குத்தான் இவங்க இத்தனை நீளமாப் பேரு வச்சிருக்காங்க.

என்ன, மொகம் செவக்குது? சொல்லு, சொல்லு. "மாமா, நான் மருந்தைக் கொறைச்சு, நாள் பாத்துப் பறிச்சு, நோட்டு எழுதிக் கொண்டு போனாலும் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுல எனக்குத் தனி வெலை குடுப்பாங்களா?" குடுக்க மாட்டாங்க. அங்க தக்காளின்னா 14 கிலோ பெட்டி, நெறம் இருக்கா, கெட்டியா இருக்கா, அம்புட்டுத்தான். கத்தரியில ஒரு ஓட்டை இருந்தா மூட்டையே கீழ்ரகம். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஓட்டை தெரியும். எதுக்குக் காசு கொறைப்பான்? கண்ணுக்குத் தெரியிறதுக்குத்தான். உன் காயும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் காயும் லாரியில ஏறுனதும் சம்பந்தி ஆயிருது. அப்புறம் யாரு வீட்டுக் காயின்னு எவனுக்குத் தெரியும்? கமிஷன் போக, கழிவு போக, ஏத்துக்கூலி போக மிஞ்சுறதைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பாங்க. நெலமும் வாய்ப்பேச்சுக் குத்தகை. சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியம்னு சொல்றாங்க. சிட்டா நெலக்காரர் பேர்ல இருக்கு, அவரு மகன் திருப்பூர்ல இருக்காரு, கையெழுத்து வாங்குறதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். எல்லாம் நெசம். உன் கோவத்துல ஒரு பொய்யும் இல்ல. பயிற்சி குடுக்கிறவங்க உனக்குத் தெரியலைன்னு நெனைச்சுப் பாடம் நடத்துறாங்க. தெரியாமலா இருக்கே நீ?

இப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. கிணத்து மேட்டுக்குப் பக்கத்துல, தொட்டியை ஒட்டி, கத்தரியில ஒரு பாரு, வெண்டையில அரைப் பாரு தனியா இருக்குதே, அது என்ன? டேங்கை மாட்டிக்கிட்டுப் போறவன் அங்க வந்ததும் வால்வை மூடிக்கிறியே, ஏன்? கூலிக்கு அடிக்க ஆள் வந்தாலும் மொத வார்த்தையா, "அந்தப் பாரு வேணாம்பா, அது வீட்டுக்கு"ங்கிறியே! அந்தப் பாருக்கு எரு மட்டும் போடுறே. குருத்துத் தொங்குனா எங்க அக்கா மருமக கையாலயே கிள்ளிக் கொண்டு போய் அடுப்புல போடுது. சொத்தைக் காயை நறுக்கி, நல்ல பாதியைக் கொழம்புல போட்டு, மீதியைக் கோழிக்குப் போடுது, வரப்புல குமிக்கல. என்னைக்குப் பறிச்சது, எதுல பறிச்சதுன்னு நோட்டு இல்லாமலே வீட்டுல அத்தனை பேருக்கும் தெரியுது. குளோபல் கேப்புக்காரன் வந்து பாத்தான்னா அந்த ஒரு பாருக்கு நின்ன எடத்துல சர்டிபிகேட்டு குடுத்துட்டுப் போயிருவான். உனக்குப் பயிற்சி தேவையில்ல மாப்ளே, நீயே குடுக்கலாம். ஒண்ணரை ஏக்கர்ல ஒரு பாருக்கு மட்டும் முழுசாத் தெரிஞ்ச ஆளு!

சரி, கேலி போதும். காரியத்துக்கு வா. உலகம் வெலை குடுக்கிற வரைக்கும் பொறுக்காம, உன் சட்டைப்பைக்கே லாபமாகிறதை மொதல்ல செய். முப்பது ரூவாய்க்கு அளவுக் கோப்பை ஒண்ணு வாங்கு, மூடியைத் தூக்கி எறி. அளந்து ஊத்துனாலே மருந்துச் செலவு உன் கண்ணு முன்னால கொறையும். சொத்தைக் காயை வரப்புல போடாம ஆழமாக் குழி தோண்டிப் புதை. குருத்தைக் கிள்ளு. மண்ணை ஒழுங்கா எடுத்துக் குடுத்து, அட்டை சொல்றபடி யூரியாவைக் கொறை. தக்காளிக்குப் பதினாறு பாருக்கு ஒரு பாரு செண்டுமல்லி வை. காய்ப்புழுத் தாய் தக்காளியை விட்டுட்டு அதுல போய் முட்டை வைக்கும். நாத்தை மட்டும் முன்னாடியே விட்டுரு, 45 நாள் செண்டுமல்லி நாத்தும் 25 நாள் தக்காளி நாத்தும் ஒண்ணா நட்டாத்தான் ரெண்டும் ஒரே சமயத்துல பூக்கும். புழு இல்லாத பூவைப் பறிச்சு வித்தா ஓணத்துக்குக் கேரளாவே வாங்கிக்கும். பொறிப்பயிரே காசு குடுக்கிற சமாச்சாரம் உனக்குப் புடிக்காமலா போகும்?

வெண்டைக்கு வழி சொல்றேன்னேன்ல? காய்ப்புக்கு முந்தி அடிக்க வேண்டியதை அப்பவே முடிச்சிரு. காய்க்க ஆரம்பிச்சதும் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு ராத்திரி தண்ணியில ஊற வச்சு, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து அடி. நம்ம ஊருல வேப்பமரத்துக்கா பஞ்சம்? ஆடியில கொட்டை பொறுக்கக் கெழவிங்க ரெண்டு பேரைச் சொல்லி வை. அதுக்கும் அடங்காம மருந்துதான்னு ஆச்சுன்னா, லேபிள்ல நாள் கம்மியா இருக்கிறதை எடு. பறிச்சு முடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் அடி, பறிக்கிறதுக்கு மொத நாள் அடிக்காதே. சாயங்காலம் அடிச்சா தேனீயும் தப்பிக்கும். தோட்டத்தை ரெண்டாப் பிரிச்சு, பதினஞ்சு நாள் முன்னப் பின்ன வெதைச்சா, ஒரு பக்கம் காத்திருக்கையில இன்னொரு பக்கம் பறிப்பு ஓடும். ரெண்டு பறிப்பும் ஒண்ணாப் போகாது.

அப்புறம் வெலை. ஒத்தை ஆளாப் போய் மண்டியில "என் காயி சுத்தம்"னு சொன்னா சிரிப்பாங்க. ஊருல பத்துப் பதினஞ்சு பேரு சேந்து, ஒரே மருந்துப் பட்டியலை வச்சுக்கிட்டு, ஒரே மாதிரி நோட்டு எழுதுனா, தனி லாரிக்கு வாங்குறவன் வந்து பேசுவான். சர்டிபிகேட்டு கூடக் குழுவா எடுத்தா செலவு பங்கு போயிரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 10,000 அமைக்கிறோம்னு 2020ல டில்லியில திட்டம் போட்டாங்க. அதுல ஒண்ணு உன் ஊருக்கு வராட்டியும், சீட்டுப் புடிக்கிறதுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சேர்ற அதே பத்துப் பேரு இதுக்குச் சேரக் கூடாதா? கொஞ்சமாக் காயி இருந்தா உழவர் சந்தைக்கு நீயே கொண்டு போ. 1999ல மதுரையில ஆரம்பிச்சதிலிருந்து அந்தச் சந்தை இதுக்குத்தான் இருக்கு, வாங்குறவன் மூஞ்சியைப் பாத்து நீ விக்கணும்னு. மூஞ்சியைப் பாத்து வித்தா மருந்துக் கணக்கு தானாக் கொறையும்.

எல்லாத்தையும் விட ஒரே ஒரு புத்தி சொல்றேன், காசு செலவில்ல. கிணத்து மேட்டுல இருக்கிற அந்தத் தனிப் பாரைத் தூக்கிரு. வேணாம், இனிமே தனிப் பாரு வேணாம். வீட்டுக்கு வேணும்கிற காயை மார்க்கெட்டுக்குக் கட்டி வச்ச பெட்டியில இருந்தே எடுத்துக் குடுத்துவிடு. ஒரே ஒரு வாரம். எங்க அக்கா மருமக, "இது எப்ப மருந்தடிச்ச செடி?"ன்னு கேக்கும். அன்னைக்கு லேபிளை நீயா எடுத்து, கண்ணாடி போட்டுப் படிப்பே, நாளும் எண்ணுவே, பாப்பாகிட்ட இருந்து அந்த நோட்டையும் திரும்ப வாங்குவே. சர்டிபிகேட்டுக்காரன் வருசத்துக்கு ஒரு தடவை வருவான், டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரலாம். அடுப்படியில நிக்கிற அதிகாரியை எதைக் குடுத்துச் சரிக்கட்டுவே?

சரி, பொழுது சாயுது. ராத்திரி உங்க வீட்டுல எண்ணெய்க் கத்தரிக்கா கொழம்புன்னு பாப்பா சொல்லிட்டுப் போனா. நான் வர்றேன்னு சொல்லிரு. ஆனா எந்தப் பாருல பறிச்சதுன்னு கேட்டுட்டுத்தான் கை நனைப்பேன், ஆமா.